இங்கிலாந்தின் பழைய ரோஸ்வுட் மேசை நாற்காலிகள்: மரத்தையும் காலத்தையும் செய்தவரையும் அறிந்து வாங்குவதற்கான முழுமையான வழிகாட்டி

ஏறத்தாழ 1800-க்கும் 1900-க்கும் இடைப்பட்ட காலத்தில் இங்கிலாந்தில் ரோஸ்வுட்டைக் கொண்டு செய்யப்பட்ட மேசைகள், நாற்காலிகள், எழுத்துப் பெட்டிகள், தேயிலைப் பெட்டிகள் ஆகியவை இன்றும் அந்நாட்டின் ஏலக் கூடங்களிலும் பழம்பொருள் கடைகளிலும் தொடர்ந்து விற்பனைக்கு வருகின்றன. அங்கே குடியேறிய நம்மவர்கள் சிலர் இவற்றில் ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ள விரும்பி என்னிடம் ஆலோசனை கேட்பதுண்டு. கேட்பவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "இதைச் செய்தவர் யார்?" என்பதுதான். என் அனுபவத்தில் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. மரம் எது, அது எப்படி ஒட்டப்பட்டிருக்கிறது, எந்தக் காலத்து ஆணியும் பூட்டும் அதில் இருக்கின்றன என்பவை தெளிந்த பிறகு செய்தவரின் பெயர் சில வேளை தானாகவே வந்து சேரும். சில வேளை வராது. பெயர் வராத பொருளும் நல்ல பொருளாக இருக்கலாம். ஆனால் பெயரை முதலில் நம்பிவிட்டால், அதன் பிறகு கண்ணுக்கு எதுவும் தெரியாமல் போய்விடும். ஆகையால் இந்த வழிகாட்டியும் மரத்திலிருந்தே தொடங்குகிறது.

முதற்படி: மரத்தை அடையாளம் காணுதல்

ரோஸ்வுட் என்பது ஒரே மரத்தின் பெயர் அன்று. டால்பெர்ஜியா என்னும் பேரினத்தைச் சேர்ந்த பல மரங்களுக்குப் பொதுவாக வழங்கும் பெயர் அது. அறுக்கும்போது எழும் ரோஜா மணத்தால் அந்தப் பெயர் வந்தது. இங்கிலாந்தின் 19-ஆம் நூற்றாண்டுப் பொருள்களில் இரண்டு வகை முக்கியமானவை. ஒன்று பிரேசிலின் அட்லாண்டிக் கரையோரக் காடுகளில் வளர்ந்த டால்பெர்ஜியா நைக்ரா. மற்றொன்று மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் டால்பெர்ஜியா லாட்டிஃபோலியா. நம் ஊர் ஆசாரிகள் ஈட்டி என்றும் தோதகத்தி என்றும் சொல்லும் அதே மரம்.

பிரேசில் மரம் இங்கிலாந்தில் பெருகியதற்கு அரசியல் காரணம் உண்டு. நெப்போலியனின் படைக்கு அஞ்சி 1807-இன் இறுதியில் போர்ச்சுக்கல் அரச குடும்பம் ரியோ டி ஜெனீரோவுக்குப் புறப்பட்டது. 1808 ஜனவரியில் பிரேசிலின் துறைமுகங்கள் நட்பு நாடுகளின் வணிகத்துக்குத் திறந்துவிடப்பட்டன. அதனால் அதிகம் பயனடைந்தவர்கள் ஆங்கிலேய வணிகர்களே. பிரேசிலில் அடிமை முறை 1888 வரை நீடித்தது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அந்தக் கட்டைகளைக் காட்டிலிருந்து வெட்டி இழுத்து வந்த கைகளில் பெரும்பாலானவை விலை கொடுத்து வாங்கப்பட்ட மனிதர்களின் கைகள். பளபளக்கும் மேசையைப் பார்க்கும்போது எனக்கு அந்த நினைவு வராமல் இருப்பதில்லை.

கண்ணால் பார்த்துப் பிரித்தறிய முயன்றால், பிரேசில் மரம் செம்பழுப்பிலிருந்து சாக்லேட் நிறம் வரை மாறி மாறி வரும். அதன் மேல் கருப்புக் கோடுகள் சிலந்தி வலைபோல் ஒழுங்கில்லாமல் வளைந்து ஓடும். நம் ஈட்டி சற்றே ஊதா கலந்த பழுப்பு நிறமும், நேராகவும் சீராகவும் ஓடும் ரேகைகளும் உடையது. இரண்டும் கனமானவை; ஒரு கன மீட்டர் 800 கிலோவுக்கு மேல் நிற்கும். இரண்டிலும் நுண்துளைகள் திறந்திருக்கும். பழைய பாலிஷின் மேல் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் குட்டிக் கோடுகளாக அந்தத் துளைகள் தெரியும். வெயில் படும் சன்னலோரத்தில் நெடுங்காலம் நின்ற பொருள் தேன் நிறத்துக்கு வெளுத்திருக்கும். ஆகவே மேற்பலகையின் நிறத்தை மட்டும் நம்பாமல், விளக்கோ பெட்டியோ நெடுநாள் வைக்கப்பட்டிருந்த இடத்தையும், மடிப்புப் பலகையின் உட்புறத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

ரோஸ்வுட் என்று தவறாகச் சொல்லப்படுபவற்றில் இரண்டை அறிந்திருப்பது நல்லது. முதலாவது, சோழமண்டலக் கரையின் பெயரைத் தாங்கிய கொரமாண்டல் மரம். இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் சென்ற அது கருங்காலியின் உறவு மரம். கருப்பின் மேல் வெளிர்பழுப்பும் சாம்பலும் பட்டைகளாக ஓடும். அரிய மரம் என்பதால் அதை வாங்கியவர் இழப்பதற்கு ஒன்றும் இல்லை.

இரண்டாவதுதான் பலரையும் ஏமாற்றுவது: வெண்ணிற பீச் (beech) மரத்தில் நாற்காலியைச் செய்து, அதன் மேல் ரோஸ்வுட்டின் ரேகைகளைத் தூரிகையால் வரைந்து, வார்னிஷ் பூசியது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூர் ஏலத்தில் ரோஸ்வுட் என்று பட்டியலில் அச்சிடப்பட்ட நான்கு நாற்காலிகளை நான் எடுத்தேன். வீட்டுக்கு வந்து இருக்கைச் சட்டத்தைக் கழற்றி முன்குறுக்குச் சட்டத்தின் உட்பக்கத்தைப் பார்த்தபோது, கருப்புக் கோடு ஒன்று மூலையில் வழிந்து துளியாக உறைந்திருந்தது. மரத்தின் ரேகை வழியாது, வண்ணம்தான் வழியும். கால் நுனியில் தேய்ந்த இடத்தில் வைக்கோல் நிறத்தில் பீச் மரம் தெரிந்தது. அன்று எனக்கு வருத்தம்தான். ஆனால் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது, அவை போலிகள் அல்ல என்பது. ரீஜன்சி எனப்படும் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கக் காலத்தில் இந்த வண்ண வேலை மதிப்பான கைத்தொழிலாகவே இருந்தது. அசல் வண்ணத்தோடு மிஞ்சிய நாற்காலிகளை இன்று விரும்பித் தேடுவோரும் இருக்கிறார்கள். அதற்கு ரோஸ்வுட் விலை கொடுப்பதுதான் பிழை. வாங்கும் முன் வரையப்பட்ட கோடுகளும் மரத்தின் நுண்துளைகளும் ஒரே திசையில் போகின்றனவா என்று பாருங்கள். போகவில்லை என்றால் அது வண்ணம்.

இரண்டாம் படி: வெனீரின் தடிமனும் அடிமரமும்

நம் வீடுகளில் ஈட்டியில் செய்த கட்டிலோ பீரோவோ முழுக்க ஒரே மரமாக இருக்கும். இங்கிலாந்தில் அப்படி இல்லை. கடல் கடந்து வந்த விலை மிகுந்த மரத்தை மெல்லிய தகடாக அறுத்து, மகாகனி, ஓக் அல்லது பைன் பலகையின் மேல் வச்சிரப் பசையால் ஒட்டினார்கள். அந்தத் தகட்டைத்தான் வெனீர் என்கிறோம். வெனீர் என்ற சொல்லைக் கேட்டதும் மலிவுப் பொருள் என்று நினைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்த எண்ணத்தை இங்கே விட்டுவிட வேண்டும். ஒரே கட்டையிலிருந்து அடுத்தடுத்து அறுத்த இரண்டு தகடுகளைப் புத்தகம் விரித்ததுபோல் இணைத்து, வட்ட மேசையின் நடுவில் ரேகைகள் எதிரெதிராகச் சந்திக்கும்படி ஒட்டுவது மிக நுட்பமான வேலை. நாற்காலிக் கால், மேசைத் தூண் போன்ற செதுக்கு வேலைப் பகுதிகள் மட்டும் பெரும்பாலும் முழு மரமாக இருக்கும்.

தடிமன் காலத்தைச் சொல்லும். கைவாளால் இருவர் எதிரெதிராக நின்று அறுத்த பழைய வெனீர் 1.5 மில்லிமீட்டர் முதல் 3 மில்லிமீட்டர் வரைகூட இருக்கும். ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருக்கும். பொறியாளர் மார்க் பிரூனல் 1806-இல் வெனீர் அறுக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்று, லண்டனின் பேட்டர்சீயில் நீராவியால் சுழலும் பெரிய வட்ட வாள்களைக் கொண்ட ஆலையை நடத்தினார். அதன் பிறகு வெனீர் சீராகவும் மெல்லியதாகவும் ஆனது. சாவித்துளையின் ஓரம், மடிப்புப் பலகையின் விளிம்பு, பெயர்ந்துபோன மூலை ஆகிய மூன்றிடங்களில் வெனீரின் குறுக்குவெட்டைக் காணலாம். பத்துமடங்கு பெரிதாக்கும் கண்ணாடி ஒன்றும் சிறு டார்ச்சும் இதற்குப் போதும். காகிதத்தைவிடச் சற்றே தடித்த தகடு ஒட்டியிருந்தால் அது பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலோ அதற்குப் பின்னரோ செய்யப்பட்டது அல்லது பிற்காலத்தில் மறுபடி ஒட்டப்பட்டது.

இந்தியாவில் ஆங்கிலேயருக்காகச் செய்யப்பட்ட ரோஸ்வுட் பொருள்களும் லண்டன் ஏலங்களில் கலந்து வரும். விசாகப்பட்டினத்தின் தந்தம் பதித்த வேலைகளும், பம்பாயின் செதுக்கு வேலை மிகுந்த கனமான இருக்கைகளும் அவற்றில் பெயர் பெற்றவை. பம்பாய் வேலை பெரும்பாலும் முழு ஈட்டி மரம்; இலை, கொடி, பறவை என்று இடம் விடாமல் செதுக்கியிருப்பார்கள். இங்கிலாந்து வேலையில் வெற்றுப் பரப்பு அதிகம், ரேகையே அலங்காரம். இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் பதித்துக்கொண்டால் தூரத்திலிருந்தே பாதி கணித்துவிடலாம்.

மூன்றாம் படி: காலத்தைக் கணித்தல்

ரோஸ்வுட் எந்த அறைக்கு உரியது என்பதில் அக்காலத்தவருக்குத் தெளிவான எண்ணம் இருந்தது. ஜார்ஜ் ஸ்மித் 1808-இல் வெளியிட்ட வடிவமைப்புத் தொகுப்பில், உணவு அறைக்கும் படுக்கை அறைக்கும் மகாகனி போதும் என்றும், வரவேற்பு அறைக்கு ரோஸ்வுட் போன்ற மரங்களைப் பயன்படுத்தலாம் என்றும் எழுதினார். அதனால்தான் ரோஸ்வுட்டில் சீட்டாட்ட மேசை, சோபாவின் முன்னே இடும் மேசை, தையல் மேசை, இசைத்தாள் தாங்கி ஆகியவை மிகுதியாகக் கிடைக்கின்றன. ரோஸ்வுட் கட்டிலும் உடை அலமாரியும் குறைவு.

வடிவத்தைப் பொறுத்தவரை, 1800 முதல் 1830 வரை மரத்தில் பித்தளை பதித்த வேலையும், வாள்போல் வளைந்த கால்களும், சிங்கப் பாத வடிவப் பித்தளை உருளைச் சக்கரங்களும் காணப்படும். நான்காம் வில்லியம் ஆண்ட 1830–1837 காலத்தில் பித்தளை குறைந்து, தடித்த தூண்களும் தாமரை இதழ் போன்ற செதுக்குகளும் வந்தன. விக்டோரியா காலத்தில் வளைவுகள் கூடின. 1850-களில் வால்நட் மரம் ரோஸ்வுட்டைப் பின்னுக்குத் தள்ளியது. 1880-க்குப் பிறகு தந்தமும் வெளிர் மரமும் பதித்த மெல்லிய ரோஸ்வுட் பொருள்கள் மீண்டும் வழக்குக்கு வந்தன.

வடிவத்தைப் பின்னால் வந்தவர்கள் போலச் செய்துவிடலாம். சிறு உலோகப் பாகங்கள் அவ்வளவு எளிதில் பொய் சொல்லாது. ஒரு திருகாணியைக் கழற்றிப் பார்க்க விற்பவர் இசைந்தால், அதன் நுனி மழுங்கியும் தலைப்பிளவு நடுவிலிருந்து சற்று விலகியும் இருக்கிறதா என்று பாருங்கள். அது 1850-க்கு முந்தைய வேலை. கூர்நுனித் திருகாணி அதற்குப் பிந்தியது. பூட்டின் மேல் கிரீடத்தோடு விக்டோரியா அரசியின் பெயரெழுத்துகள் இருந்தால் பூட்டு 1837-க்குப் பிறகு வந்தது. ஜோசப் பிராமா 1784-இல் காப்புரிமை பெற்ற வட்டக் குழல் சாவிப் பூட்டு உயர்ந்த பொருள்களில் வரும். வைர வடிவ முத்திரை இருந்தால் அந்த வடிவமைப்பு 1842-க்கும் 1883-க்கும் இடையில் பதிவு செய்யப்பட்டது. இழுப்பறையை முழுவதும் வெளியே எடுத்து, மூலையில் புறாவின் வால்போல் விரிந்த பற்களால் கோத்த மூட்டுகளைப் பாருங்கள். கையால் வெட்டியவை ஒன்றுக்கொன்று சற்றே வேறுபடும். அவற்றின் அடியில் கத்தியால் கீறிய அளவுக்கோடு இன்னும் இருக்கும்.

நான்காம் படி: செய்தவரைத் தேடுதல்

இங்கிலாந்தின் தச்சுக்கூடங்களில் பெரும்பாலானவை தம் பெயரைப் பொருளில் இடவில்லை. பாரிசில் முத்திரையிடுவது தொழிற்குழுவின் விதியாக இருந்தது; லண்டனில் அப்படி விதி இல்லை. ஆகவே பெயர் இல்லாதது குறையாகாது. பெயர் இருக்கக்கூடிய இடங்கள்: மேல் இழுப்பறையின் முன்பலகை விளிம்பு, இழுப்பறைகளுக்கு இடையிலுள்ள குறுக்குச் சட்டம், பூட்டுத் தகடு, நாற்காலியின் பின் சட்டம், இழுப்பறையின் அடியில் ஒட்டிய காகிதச் சீட்டு. உருளைச் சக்கரத்தில் உள்ள பெயர் சக்கரம் வார்த்தவருடையது. கோப் அண்ட் காலின்சன் என்ற பெயரைப் பார்த்துவிட்டு மேசையே அவர்கள் செய்தது என்று நம்பியவர்களை நான் சந்தித்திருக்கிறேன்.

முதலில் அறிய வேண்டியவர்கள் லங்காஸ்டர் நகரின் கில்லோ நிறுவனத்தார். ராபர்ட் கில்லோ 1730 வாக்கில் தொடங்கிய அந்தத் தொழிற்கூடம் மேற்கிந்தியத் தீவுகளோடு கடல் வணிகம் செய்த துறைமுக ஊரில் இருந்ததால் நல்ல மரம் அவர்களுக்கு எளிதில் கிடைத்தது. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே தம் பொருள்களில் "கில்லோஸ் லங்காஸ்டர்" என்று எழுத்தை அடித்துப் பதித்த மிகச் சிலருள் அவர்களும் அடங்குவர். இழுப்பறையின் அடியில் வேலை செய்த தச்சரின் பெயர் பென்சிலில் எழுதப்பட்டிருப்பதும் உண்டு. இவர்களைப் பற்றி ஆராய்வோருக்குக் கிடைத்த பெரும்பேறு, பொருளின் படமும், மரச் செலவும், கூலியும் குறித்து வைத்த அவர்களுடைய மதிப்பீட்டு ஏடுகள் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருப்பதுதான். சாய்வான மூடியும் பக்கவாட்டு இழுப்பறைகளும் கொண்ட சிறிய எழுத்து மேசைக்கு டேவன்போர்ட் என்ற பெயர் வந்ததே, 1790-களில் கேப்டன் டேவன்போர்ட் என்பவருக்காகச் செய்த மேசையை அந்த ஏடு குறித்து வைத்ததால்தான். லங்காஸ்டரின் ஜட்ஜஸ் லாட்ஜிங்ஸ் அருங்காட்சியகத்தில் கில்லோ பொருள்களை நேரில் பார்க்கலாம். ஏலத்துக்குப் போகும் முன் அங்கே ஒரு நாள் செலவிடுவது நல்லது.

லண்டனில் அப்பர் மேரிலிபோன் தெருவில் இருந்த ஜான் மக்லீன் அண்ட் சன் நிறுவனம் பொன்முலாம் பூசிய பித்தளை அணிகளோடு கூடிய நளினமான ரோஸ்வுட் சிறு மேசைகளுக்குப் பெயர் பெற்றது. தாமஸ் ஷெராட்டன் 1803-இல் வெளியிட்ட தச்சுக்கலை அகராதியில் மக்லீனின் நேர்த்தியைப் பெயர் சொல்லிப் பாராட்டியிருக்கிறார். காகிதச் சீட்டு ஒட்டிய மக்லீன் பொருள்கள் சில மிஞ்சியுள்ளன; மற்றவை அவற்றோடு ஒப்பிட்டு ஊகிக்கப்பட்டவை. அந்த வேறுபாட்டை ஏலப் பட்டியலில் கவனமாகப் படிக்க வேண்டும். "அவர் செய்தது" என்பது ஒன்று. "அவருக்கு உரியதாகக் கருதப்படுவது" என்பது வேறு. "அவருடைய பாணியில்" என்பதற்கு அவரோடு எந்தத் தொடர்பும் வேண்டியதில்லை.

ஜார்ஜ் புல்லாக்கின் பெயர்தான் மிகவும் தாராளமாக வழங்கப்படுகிறது. லிவர்பூலில் தொடங்கி லண்டனுக்கு வந்து 1818-இல் மறைந்த அவர், செயின்ட் ஹெலினா தீவில் நெப்போலியனுக்காக அனுப்பப்பட்ட மேசை நாற்காலிகளைச் செய்தவர். ஆனால் அவர் ஓக் முதலான பிரிட்டிஷ் மரங்களை விரும்பிப் பயன்படுத்தியவர். ரோஸ்வுட்டில் பித்தளை இலை பதித்திருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகப் புல்லாக்கின் விலை கேட்டால், ஆதாரம் கேளுங்கள்.

அரச மாளிகைக்குச் செய்தவர்களில் மோரல் அண்ட் செடன் குறிப்பிடத்தக்கவர்கள். 1820-களின் இறுதியில் வின்சர் அரண்மனைக்காக அவர்கள் செய்த கோதிக் பாணிப் பொருள்களுக்கு வரைபடம் தந்தவர்களில் பின்னாளில் கட்டடக் கலைஞராகப் பெயர் பெற்ற, அப்போது பதினைந்து வயதே ஆன அகஸ்டஸ் பியூஜினும் ஒருவர். அவர் வடிவமைத்த மிகப் பெரிய ரோஸ்வுட் பக்கமேசை ஒன்று, வெளியே தூக்கிச் செல்ல இயலாத அளவில் இருந்ததால், 1992-ஆம் ஆண்டு அரண்மனைத் தீயில் அழிந்தது. அரண்மனையின் கலைப்பொருள்கள் அநேகமாக எல்லாம் காப்பாற்றப்பட்ட அந்நாளில் அதைக் கைவிட நேர்ந்ததை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

விக்டோரியா காலத்தில் ஹாலண்ட் அண்ட் சன்ஸ் முதன்மை பெற்றார்கள். விக்டோரியா அரசியின் ஆஸ்போர்ன் மாளிகைக்குப் பொருள் செய்த அவர்களுடைய கணக்கேடுகள் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் ஆவணங்களில் உள்ளன. 1870-இல் தொடங்கிய காலின்சன் அண்ட் லாக் நிறுவனத்தின் ரோஸ்வுட் அலமாரிகளில் ஸ்டீபன் வெப்பின் வடிவமைப்பில் தந்தத்தால் பதித்த கொடிகளும் உருவங்களும் மிக நுண்மையானவை. அவர்களுடைய முத்திரையும் தெளிவாகப் பதிந்திருக்கும். எட்வர்ட்ஸ் அண்ட் ராபர்ட்ஸ் முத்திரையில் மட்டும் எச்சரிக்கை தேவை. அவர்கள் புதியவற்றைச் செய்ததோடு பழைய பொருள்களை வாங்கி விற்கவும் செய்தார்கள். ஆகவே அந்த முத்திரை செய்தவரைக் குறிக்கலாம், விற்றவரை மட்டும் குறிக்கலாம்.

ஐந்தாம் படி: ஒட்டு வேலைகளைக் கண்டுபிடித்தல்

ஒரு மேசையின் மேற்பலகையை வேறொரு மேசையின் தூணோடு பொருத்தி விற்பது இத்துறையில் பழைய வழக்கம். மேசையைக் கவிழ்த்து, பொருத்தப்படாத பழைய திருகுத் துளைகள், நிறம் மாறாத புது மரப் பகுதி, பழைய கட்டை பதிந்த தடத்தோடு இப்போதுள்ள கட்டை ஒத்துப்போகாமை ஆகியவற்றைத் தேடுங்கள். இருநூறு ஆண்டு காற்றுப்பட்ட அடிப்பக்கம் ஒரே சீரான மங்கல் நிறத்தில் இருக்கும். சாயம் பூசி மறைத்த இடம் ஈரத்துணி பட்டால் துணியில் ஒட்டும். வட்ட மேசையின் மேற்பலகையைக் குறுக்கும் நெடுக்கும் அளந்து பாருங்கள். மரம் ரேகைக்குக் குறுக்கே சுருங்குவதால் உண்மையிலேயே பழைய பலகை சில மில்லிமீட்டராவது முட்டை வடிவத்துக்கு மாறியிருக்கும். வாள்போல் வளைந்த நாற்காலிக் கால்களில் வளைவின் நடுவே ரேகை குறுகி ஓடுவதால் அங்கே முறிவது இயல்பு. ஒட்டிய கோட்டை விரல் நகத்தால் தடவி அறியலாம்.

ஆறாம் படி: சட்டம்

அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையில், கட்டுப்பாடு மிகக் கடுமையான முதற் பட்டியலில் பிரேசில் ரோஸ்வுட் 1992-இல் சேர்க்கப்பட்டது. 2017 ஜனவரி 2 முதல் மற்ற டால்பெர்ஜியா மரங்கள் எல்லாம் இரண்டாம் பட்டியலுக்குள் வந்தன. பிரிட்டனுக்குள் வாங்கி விற்க, 1947 மார்ச் 3-க்கு முன் செய்து முடிக்கப்பட்ட பழம்பொருள்களுக்கு விலக்கு உண்டு. நாட்டைவிட்டு எடுத்துச் செல்லும்போது அனுமதிப் பத்திரம் தேவைப்படும். தந்தம் பதித்த பொருள்களுக்கு 2022 ஜூன் 6 முதல் நடைமுறைக்கு வந்த பிரிட்டனின் தந்தச் சட்டமும் பொருந்தும். இந்தியாவிலோ தந்த வணிகமே தடை செய்யப்பட்டது. சென்னைக்கோ மதுரைக்கோ அனுப்ப எண்ணுபவர் ஏலத்தில் கையைத் தூக்கும் முன்பே இரு நாட்டு அதிகாரிகளிடமும் எழுத்தில் விசாரித்துவிட வேண்டும். பழுதுபார்க்கப் புது மரம் வாங்கிக்கொள்ளலாம் என்றும் எண்ணக் கூடாது. ஈட்டி மரங்களைக் காக்கத் தமிழ்நாட்டில் 1994-இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. நல்ல பழுதுபார்ப்பவர்கள் உடைந்துபோன பழைய பொருள்களின் வெனீரைச் சேர்த்து வைத்தே வேலை செய்கிறார்கள்.

ஏழாம் படி: வீட்டில் பேணுதல்

நேர் வெயிலும் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரின் அருகும் ரோஸ்வுட்டுக்குப் பகை. உலர் காற்றில் அடிமரம் சுருங்கும், பித்தளை சுருங்காது, அதனால் பதித்த பித்தளைக் கோடு எழும்பி நிற்கும். ஆண்டுக்கு ஒரு முறை தேன்மெழுகு பூசித் துடைத்தால் போதும். தெளிக்கும் பாலிஷ்களைத் தவிர்த்துவிடுங்கள். பழைய அரக்கு பாலிஷை நீக்கிப் புதிதாக்குகிறேன் என்று யாரேனும் ஸ்பிரிட்டை எடுத்தால் தடுத்துவிடுங்கள். ரோஸ்வுட்டின் இயற்கை நிறம் ஸ்பிரிட்டில் கரையும். பஞ்சு ஊதா நிறமாக மாறுவதும், அந்த நிறம் பக்கத்திலுள்ள வெளிர் மரப் பதிப்பில் ஏறிக்கொள்வதும் சில நிமிடங்களில் நடந்துவிடும், பிறகு திரும்பப் பெற முடியாது.

எழும்பிய பித்தளையைச் சுத்தியலால் தட்டி அமர்த்தவோ, வெள்ளைப் பசையால் ஒட்டவோ கூடாது. வச்சிரத்தால் ஒட்டியதை வெதுவெதுப்பான ஈரத்தால் மறுபடி பிரித்துச் சரிசெய்யலாம். வெள்ளைப் பசையால் ஒட்டியதை அப்படிப் பிரிக்க முடியாது. வெனீர்ச் சில்லோ பித்தளைத் துண்டோ பெயர்ந்து விழுந்தால், எவ்வளவு சிறியதாக இருந்தாலும் எடுத்து ஓர் உறையில் இட்டு, எந்த மூலையிலிருந்து விழுந்தது என்று அதன் மேல் எழுதி, அந்த மேசையின் இழுப்பறையிலேயே வைத்துவிடுங்கள்.